மக்செய்ன் வேத வாசிப்பு அட்டவணை: ஒரு வருஷத்துக்குத் தாங்குமா?

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரப் போதகர் ராபர்ட் மர்ரே மக்செய்ன் தன் சபையார் ஒரு வருஷத்தில் பைபிளை வாசித்து முடிக்க 1842-இல் தயாரித்த அட்டவணை இது. தினமும் நான்கு இடங்களிலிருந்து சுமார் நான்கு அதிகாரங்கள்: இரண்டு குடும்ப ஜெபத்துக்கு, இரண்டு தனி ஜெபத்துக்கு. ஜனவரி 1-இல் ஆதியாகமம், மத்தேயு, எஸ்றா, அப்போஸ்தலர் நான்கிலும் முதல் அதிகாரம். வருஷ முடிவில் பழைய ஏற்பாடு ஒரு தடவையும், புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு தடவையும் முடிந்துவிடும்.

பெரிய பலம் இந்தக் கலவைதான். மார்ச் கடைசியில் லேவியராகமம் ஆரம்பிக்கும்போது, கூடவே யோவானும் பிலிப்பியரும் ஓடுவதால் லேவியராகமத்தின் பலி முறைமைகளில் திணறி நிற்க வேண்டியதில்லை.

குறை, அளவுதான். ஐந்து நாள் விட்டால் இருபது அதிகாரம் பாக்கி. அதை ஒரே ஞாயிறு மத்தியானத்தில் ஓட்டிப் படிப்பவர்தான் மறுவாரமே நிறுத்திவிடுகிறார். விட்டதை விட்டுவிட்டு இன்றைய தேதிக்கு வாருங்கள். அது முடியாதவர்கள் தனி ஜெபத்துக்கான இரண்டு அதிகாரங்களை மட்டும் எடுத்து, மற்றதை அடுத்த வருஷத்துக்கு வைக்கலாம்.

கட்டத்தில் டிக் போடுவதே பக்தியாகிவிடும் ஆபத்தும் உண்டு; சடங்காசாரம், சுயநீதி என்று மக்செய்னே முன்கூட்டி எச்சரித்திருக்கிறார். ‘கொஞ்சத்திலே உண்மையுள்ளவன்’ (லூக்கா 16:10) எனப்படுகிறவரை மொபைல் ஆப் எண்ணிக் காட்டும் தொடர் நாள் கணக்கு அடையாளம் காட்டாது. நின்றுபோன பிறகு திரும்பி வந்து உட்காருகிறாரா என்பது காட்டும். புது விசுவாசிக்கு இதைக் கொடுக்காதீர்கள். மாற்கு சுவிசேஷமே போதும், மொத்தம் 16 அதிகாரம்.