மூன்று சேனலா, நான்கா, ஆறா? ரிமோட் விமானத்துக்கு எது போதும்?

"எத்தனை சேனல் வேண்டும்?" என்ற கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. விமானத்துக்கு எத்தனை என்பது ஒன்று, கையில் பிடிக்கும் டிரான்ஸ்மிட்டரில் எத்தனை என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக நினைத்து, நாலு சேனல் விமானத்துக்கு நாலு சேனல் செட் வாங்குபவர்கள் அடுத்த விமானத்துக்கே மறுபடி செலவழிக்க வேண்டி வருகிறது.

சேனல் என்றால் தனியாக இயக்கக்கூடிய ஒரு வேலை. மூக்கை இடவலமாகத் திருப்பும் ரடருக்கு ஒன்று, மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டருக்கு ஒன்று, மோட்டார் வேகத்துக்கு ஒன்று. விமானத்துக்குள் சிக்னலை வாங்கும் ரிசீவரிலிருந்து, இந்தப் பாகங்களை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோவுக்குப் போவது சுமார் 1000 முதல் 2000 மைக்ரோ வினாடி நீளமுள்ள துடிப்பு; 1500 என்றால் சர்வோ நடுவில் நிற்கும். அப்படிப்பட்ட துடிப்புகளை எத்தனை இடத்துக்குத் தனித்தனியாக அனுப்ப முடிகிறது என்பதே சேனல் எண்ணிக்கை. பழைய ரீட் வகை செட்டுகளில் ஒவ்வொரு திசைக்கும் ஒரு சேனல் என்று கணக்கிட்டார்கள். அதில் 10 சேனல் என்று எழுதியிருந்தால் ஐந்து வேலைதான் நடக்கும்.

ரடரும் எலிவேட்டரும் மட்டும் உள்ள கிளைடருக்கு 2 சேனலே நிறைவு. குன்றில் மோதி மேலெழும் காற்றில் அது நெடுநேரம் மிதக்கும். இரண்டு சிறு மோட்டார்களின் வேக வித்தியாசத்தால் மட்டும் திரும்பும் 2 சேனல் விமானம் வேறு ரகம். எலிவேட்டர் இல்லாததால் காற்று எழுந்தால் மூக்கை இறக்கி எதிர்த்து வர வழியில்லை. அதை வைத்துப் பறக்கக் கற்க முடியாது.

உண்மையான போட்டி மூன்றுக்கும் நான்குக்கும் இடையில்தான்.

3 சேனலில் த்ராட்டில் (மோட்டார் வேகம்), எலிவேட்டர், ரடர் உண்டு, இறக்கையின் பின்னோரத்தில் அசைந்து விமானத்தைச் சாய்க்கும் எய்லரான் இல்லை. ரடர் மூக்கை ஒரு பக்கம் தள்ளும்போது விமானம் காற்றில் சற்றுப் பக்கவாட்டில் சறுக்குகிறது. இறக்கைகள் இரண்டும் மேல்நோக்கி வளைந்திருந்தால், அதாவது டிஹெட்ரல் இருந்தால், முன்னால் வந்த இறக்கைக்குக் காற்று கூடுதல் கோணத்தில் கிடைத்து அது உயரும். விமானம் சாயும், சாய்ந்ததும் திரும்பும். தட்டையான இறக்கையுள்ள 4 சேனல் விமானத்தில் எய்லரானை டேப் போட்டு ஒட்டிவிட்டு ரடரால் மட்டும் ஓட்டிப் பார்ப்பது இதனால்தான் சரிவராது. மூக்கு திரும்பும், விமானம் திரும்ப மறுக்கும்.

டிஹெட்ரல் தரும் பெரிய வரம், ஸ்டிக்கை விட்டால் விமானம் தானே நிமிர்ந்துவிடும் என்பது. அதே குணம் பக்கக் காற்றில் தொல்லை. தரைக்கு அருகில் ஒரு வீச்சு அடித்தால் காற்று வரும் பக்கத்து இறக்கை தூக்கிக்கொள்ளும், அதை அடக்க ரடர் தாமதமாகவே வேலை செய்யும். அந்தத் தாமதத்தைப் பொறுக்காமல் புதியவர் இன்னும் அதிகமாக ஸ்டிக்கைத் தள்ளுவார். விமானம் இறங்கும் நேரத்தில் இடமும் வலமுமாக ஆடுவது பெரும்பாலும் இதனால்தான்.

4 சேனலில் எய்லரான் சாய்வை நேரடியாகக் கொடுக்கிறது. தள்ளிய உடனே சாயும். விட்டால் சாய்ந்தபடியே நிற்கும், எதிர்த் திசையில் நீங்கள்தான் மீட்க வேண்டும். பக்கக் காற்றில் இறக்குவதற்கு இதற்கு ஈடில்லை. பக்கத்தில் கற்றுத்தர ஆள் இருந்தாலோ, சாய்வைத் தானே நிமிர்த்தும் ஜைரோ இருந்தாலோ நேராக 4 சேனலுக்கே போகலாம். தனியாகக் கற்பவருக்கு 3 சேனல்தான் நல்லது.

3 சேனலில் தொடங்கினால் ஒன்று செய்யுங்கள்: ரடர் சர்வோவை ரிசீவரின் எய்லரான் பின்னில் செருகுங்கள். மோடு 2 செட்டில், அதாவது எலிவேட்டரும் எய்லரானும் வலது ஸ்டிக்கில் உள்ள செட்டில், திருப்பும் வேலை வலது கட்டைவிரலுக்கு வரும், 4 சேனலுக்கு மாறும்போது பழக்கம் அப்படியே உதவும். ஆனால் தரையில் ஓடும்போது சக்கரத்தைத் திருப்பும் வேலை அப்போது இடது ஸ்டிக்குக்கு மாறும். மாறிய முதல் நாள் டேக் ஆஃபில் அதை மறந்தால் விமானம் புல்லுக்குள் போகும்.

ஐந்தாவது, ஆறாவது சேனல் எதற்கு? மடங்கும் சக்கரம், மெதுவாகத் தரையிறங்க இறக்கையின் பின்னோரத்தில் கீழே இறக்கும் பிளாப் என்று சொல்வார்கள். அதைவிட முக்கியமான பயன் இரண்டு எய்லரான் சர்வோக்களைப் பிரிப்பது. ஒரு சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் ஒய் வயர் போட்டு இரண்டையும் ஒரே சேனலில் ஓட்டலாம். இறக்கைகளில் சர்வோக்கள் கண்ணாடிப் பிம்பம் போலப் பொருத்தப்பட்டிருக்கும், ஒரே சிக்னலுக்கு ஒரு எய்லரான் ஏறும், மற்றது இறங்கும். நமக்கு வேண்டியதும் அதுதான். இதே ஒய் வயரை அதே மாதிரி பொருத்திய பிளாப்புக்குப் போட்டால் ஒன்று இறங்கி மற்றது ஏறும், பிளாப் சுவிட்சைத் தொட்டதும் விமானம் புரண்டுவிடும். அங்கே ஒரு சர்வோவைத் திருப்பிப் பொருத்த வேண்டும், அல்லது தனிச் சேனல் தர வேண்டும்.

எய்லரான்களுக்குத் தனிச் சேனல் கொடுத்தால் ஒவ்வொன்றின் நடுநிலையையும் தனியாகச் சரிசெய்யலாம், இரண்டையும் சேர்த்து இறக்கிப் பிளாப்பாகவும் வைக்கலாம். டிஃபரன்ஷியலும் கிடைக்கும், அதாவது எய்லரான் மேலே ஏறுவதைவிடக் கீழே குறைவாக இறங்கும்படி வைக்கலாம். கீழே இறங்கும் எய்லரான் அதிக இழுவை தந்து மூக்கை எதிர்ப்பக்கம் இழுக்கும். மேலே 100 சதவீதம், கீழே 50 என்று வைத்தால் அது பெரிதும் அடங்கும். அமைத்ததும் விமானத்தின் பின்னால் நின்று பாருங்கள்: ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது எய்லரான் மேலே வர வேண்டும்.

சர்வோ கூடினால் மின்சாரமும் கூடும். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சிக்குள், ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் மின்சாரம் தரும் பிஇசி இருக்கும். 2 ஆம்பியர் லீனியர் பிஇசி, 3 செல் பேட்டரியில் மூன்று நான்கு சிறு சர்வோக்களைத் தாங்கும். ஆறு சர்வோவைக் கட்டினால் சூடேறி மின்னழுத்தம் விழும், ரிசீவர் வானிலேயே அணைந்து மீண்டும் தொடங்கும். அதிகம் சூடேறாத 5 ஆம்பியர் ஸ்விட்சிங் பிஇசி போடுங்கள்.

வாலில்லாத டெல்டா இறக்கைக்கு இரண்டு சர்வோ, ஒரு மோட்டார் என 3 சேனல் போதும். ஆனால் எலிவேட்டரையும் எய்லரானையும் கலக்கும் மிக்ஸிங் இல்லாமல் அது பறக்காது. மிக்ஸிங் இல்லாத எளிய 4 சேனல் செட் இதற்கு உதவாது. இரண்டு எய்லரான், இரண்டு பிளாப், ரடர், எலிவேட்டர், மோட்டார் உள்ள பெரிய கிளைடர் ஏழு கேட்கும். சுழலும் இறக்கைகளின் கோணத்தை மாற்றி ஏறி இறங்கும் கலெக்டிவ் பிட்ச் ஹெலிகாப்டருக்கு ஜைரோ அளவையும் சேர்த்து ஆறு.

ஆகவே டிரான்ஸ்மிட்டர் குறைந்தது 6 சேனல், மிக்ஸிங், பல மாடல்களுக்கான நினைவகம் என்று பார்த்து வாங்குங்கள். கிளைடர் ஆசை இருந்தால் 8. எதை வாங்கினாலும் த்ராட்டில் சேனலுக்கு ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் அறுந்தால் மோட்டாரை நிறுத்தும் ஏற்பாடு, அமைத்தே ஆக வேண்டும். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு மோட்டாரைக் கால்வாசி வேகத்தில் ஓடவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். மோட்டார் நின்றால் சரி. சில ரிசீவர்கள் கடைசியாக வந்த சிக்னலையே பிடித்துக்கொண்டிருக்கும். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால் அந்த ரிசீவரைச் சரிசெய்யாமல் விமானத்தை மைதானத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்.