மருத்துவமனை ஓரத்தில் ஐந்து மாடி கார் நிறுத்தம்: கான்கிரீட்டா, இரும்பா, இயந்திரமா?

வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனை (பெயர் வேண்டாம்). அப்பாவை மாதம் இருமுறை அங்கே அழைத்துப் போகிறேன். காலை ஏழரைக்கு கேட்டைத் தாண்டினால் இடம் கிடைக்கும். எட்டு மணிக்குப் போனால் டோக்கன்காரர் கையை விரிப்பார். ஒருநாள் அப்பாவை வாசலில் இறக்கிவிட்டு இடம் தேடிச் சுற்றிவிட்டு வந்தேன். நாற்பது நிமிஷம் சக்கர நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்துதான் இந்தக் கணக்கு மண்டைக்குள் ஓடுகிறது. பிழைப்புக்குக் கட்டடம் கட்டுகிறவன் என்பதால் கொஞ்சம் அதிகமாகவே ஓடுகிறது.

ஒரு ஏக்கர் நிலம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாலு பக்கமும் இடம் விட்டது போக ஒரு தளத்துக்கு 2000 சதுர மீட்டர் தேறும். கார் நிற்கும் கட்டம் 2.5க்கு 5 மீட்டர்தான் என்றாலும், வழி, ரேம்ப், படிக்கட்டு எல்லாம் சேர்த்தால் காருக்கு 30 சதுர மீட்டர் விழுங்கும். 300 கார் என்றால் 9000 சதுர மீட்டர், அதாவது தரைத்தளமும் மேலே நாலு மாடியும்.

பூமிக்கடியில் தோண்டலாமே என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். இந்த ஊரில் சில இடங்களில் பத்தடிக்குள் பாறை வந்துவிடும். ஆஸ்பத்திரிச் சுவரை ஒட்டி வெடி வைக்க முடியாது. தோண்டி முடித்தாலும் புகையை வெளியேற்ற இரவு பகலாக மின்விசிறி ஓட வேண்டும். 2021 நவம்பரில் பாலாறு எப்படி ஓடியது என்று பார்த்தவர்களிடம் நிலத்தடித் தளம் என்ற பேச்சையே எடுக்க மாட்டேன்.

முதலில் கான்கிரீட். நம் மேஸ்திரிகளுக்குக் கைவந்த வேலை, விலையும் பழகிய விலை. பக்கங்களைத் திறந்தே விட்டால் காற்று தானாக வந்து போகும், விசிறிச் செலவு இல்லை. சிக்கல் சிமெண்டில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லுக்குள் இருக்கும் கரியமில வாயுவே வெளியேறுகிறது, எரிபொருளின் புகை அதற்கு மேல். ஒரு டன் சாதா சிமெண்டுக்குக் கிட்டத்தட்ட முக்கால் முதல் ஒரு டன் வாயு. என் கைக்கணக்குப்படி இந்தக் கட்டடம் ஆயிரம் டன்னுக்கு மேல் சிமெண்ட் கேட்கும். அதில் பாதிச் சிமெண்டுக்குப் பதில் இரும்பு உலைக் கசட்டைக் கலந்தால் அந்தப் பங்கில் பெரும்பகுதி குறையும். அனல் மின் நிலையச் சாம்பல் கலந்தாலும் குறையும், அளவு கொஞ்சம் கம்மி.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கலப்புச் சிமெண்ட் மெதுவாகத்தான் இறுகும். சாதா சிமெண்டுக்கு ஏழு நாள் நீராற்றினால் (ஈரம் காயாமல் வைத்திருந்தால்) போதும் என்கிற விதி, இதற்குப் பத்து நாளுக்குக் குறையக்கூடாது என்கிறது. அக்னி நட்சத்திரத்தில் ஸ்லாப் போட்டவர்களுக்குத் தெரியும், காலையில் நனைத்த கோணி பத்து மணிக்குள் அப்பளம்போல் மொறமொறவென்று ஆகிவிடும். பிறகு டேங்கர் லாரி. குடிக்கிற தண்ணீருக்கே காவிரியை எதிர்பார்க்கும் ஊரில் பசுமைக் கட்டடத்துக்கென்று லாரி லாரியாகத் தண்ணீர் ஊற்றுவது எனக்கு நெருடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஸ்லாப் வேலை வருமாறு திட்டமிட்டால் பாதித் தலைவலி போகும். ஆனால் டெண்டரின் காலண்டர் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் தூசி. கட்டுமானத் தூசியோடு அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் பறக்கும். நமக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. கீமோவில் இருப்பவருக்கும், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவருக்கும் நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. ஜல்லி, எம்-சாண்ட், சென்ட்ரிங் பலகை, கம்பி அறுப்பு என்று ஒன்றரை வருஷம் வார்டு ஜன்னலுக்கு எதிரே வேலை நடக்கும் என்றால், செலவுக் கணக்கில் வராத செலவு அது.

இரும்புச் சட்டகம் ஜெயிப்பது இந்த இடத்தில்தான். தூணும் பீமும் பட்டறையிலேயே தயாராகி டிரெய்லரில் வரும். இங்கே போல்ட் முடுக்கி, டெக் ஷீட் (நெளி இரும்புத் தகடு) விரித்து, மேலே மெல்லிசாகக் கான்கிரீட் ஊற்றினால் தளம் தயார். சென்ட்ரிங் முட்டுக் காடு பெரும்பாலும் இல்லை, தண்ணீர் குறைவு, தூசி குறைவு, மாதக் கணக்கும் குறைவு. அதற்கு ஆள் தேடி சென்னைக்கு ஓட வேண்டாம். ராணிப்பேட்டையில் பெல் ஆலையை அண்டி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் இருக்கின்றன. பாய்லர் உறுப்புகள் செய்கிற கைகளுக்கு இது பெரிய காரியமில்லை.

இரண்டு வரிசைக் காரும் நடுவழியும் சேர்ந்து சுமார் 16 மீட்டர். இரும்பு பீம் நடுவில் தூணே இல்லாமல் அதைத் தாண்டும். தூண் இல்லையென்றால் காருக்கு 30 வேண்டாம், 25 சதுர மீட்டர் போதும். புதிதாக ஓட்டக் கற்றவர்களும் பம்பரைத் தேய்க்காமல் திருப்பலாம்.

இரும்பும் சாதுவில்லை. ஒரு டன் இரும்பு செய்ய நம் நாட்டில் இரண்டு டன்னுக்கு மேல் கரியமில வாயு போகிறது. கட்டி முடித்த அன்று கணக்கெடுத்தால் கசடு சிமெண்ட் கட்டடமும் இதுவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். வித்தியாசம் முப்பது வருஷம் கழித்துத் தெரியும். போல்ட் போட்டதைக் கழற்றி வேறு இடத்தில் நிறுத்தலாம், உருக்கினாலும் இரும்பு இரும்புதான். கான்கிரீட்டை உடைத்தால் மண் கொட்டும் இடத்துக்குப் போகும். தீப்பாதுகாப்புப் பூச்சுக்குத் தனிச் செலவு உண்டு, ஆஸ்பத்திரி என்பதால் அதில் கஞ்சம் பிடிக்கக்கூடாது. துரு பயம் சென்னைக்காரர்களுக்கு உள்ள அளவு நமக்கு இல்லை. உப்புக்காற்று வேலூர் வரை வருவதில்லை.

மூன்றாவது, இயந்திர நிறுத்தம். சென்னை தி.நகர் தணிகாசலம் சாலையில் மாநகராட்சி கட்டியதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். காரைத் தட்டில் ஏற்றினால் லிஃப்ட் தூக்கிப்போய் அடுக்கிவிடும். ரேம்ப் வேண்டாம், ஓட்டும் வழி வேண்டாம், கால்வாசி நிலத்தில் முடிந்துவிடும். துணிக்கடைக்கு அருமை.

ஆஸ்பத்திரிக்கு? ஒரு காரை ஏற்ற இரண்டு நிமிஷம் என்றால் ஒரு லிஃப்ட் மணிக்கு 30 கார்தான் ஏற்றும். ஓ.பி. நேரத்தில் எட்டிலிருந்து ஒன்பதுக்குள் நூறு கார் வந்தால் வரிசை ரோட்டை அடைக்கும், அதன் பின்னால் ஆம்புலன்ஸ் நிற்கும். இன்னொன்று உண்டு. திருவண்ணாமலையிலிருந்தோ சித்தூரிலிருந்தோ வருகிற குடும்பத்துக்குக் கார் வெறும் வண்டியில்லை. பின்சீட்டில் பாட்டி படுத்திருப்பார், டிக்கியில் தயிர்சாத டப்பா, டேஷ்போர்டில் பழைய எக்ஸ்ரே கவர். "ஐயோ, ஃபைலை வண்டியிலேயே வெச்சிட்டேன்பா" என்று ஒரு அம்மா மகனை விரட்டாத காலைப்பொழுது ஓ.பி. வாசலில் கிடையாது. அந்தக் கார் ஆறாவது தட்டில் தொங்கிக்கொண்டிருந்தால் என்ன செய்வது?

ஒரு திங்கட்கிழமை அப்பா உள்ளே இருந்த நேரத்தில் டோக்கன்காரரோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். "எட்டு மணிக்கே ஃபுல்லாயிடுதே, எப்படிண்ணே?" என்றேன். டோக்கன் கட்டால் பின்வரிசையைக் காட்டினார். "அதெல்லாம் பேஷண்ட் வண்டியா சார்? ஸ்டாஃப் வண்டி. காலைல வெச்சா சாயந்திரம்தான் எடுப்பாங்க." எண்ணிப் பார்த்தேன். பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு.

அதனால் நாலாவது வழியைத்தான் என் தராசில் முதலில் வைக்கிறேன்: அந்த வண்டிகளை வெளியே கொண்டுபோவது. நோயாளி நிற்கும் கட்டம் ஒரு நாளில் இரண்டு மூன்று கை மாறும், ஊழியர் நிற்கும் கட்டம் மாறாது. பைபாஸ் பக்கம் நிலம் எடுத்து, சோலார் கூரை போட்டு, அங்கிருந்து மின்சார வேன் விட்டால் 300 கார் தேவை 180 ஆகச் சுருங்கும். இரும்பில் காருக்கு 25 என்றால் 4500 சதுர மீட்டர். தரைத்தளத்துக்கு மேல் ஒன்றரை மாடி போதும். கட்டாத இரண்டரை மாடிக்குச் சிமெண்டும் இல்லை, இரும்பும் இல்லை. ஊழியர்கள் முகம் சுளிப்பார்கள், நியாயம்தான். இரவு ஒன்பதுக்கு ஷிஃப்ட் முடிகிற நர்ஸை பைபாஸில் இறக்கிவிட முடியாது. வேன் கடைசி ஆள் போகும்வரை ஓட வேண்டும், டூவீலர்கள் வளாகத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். வளாகத்திலேயே வைத்தாக வேண்டிய டாக்டர் கார்களுக்கு மட்டும் சின்னதாக ஒரு இயந்திர அடுக்கு வைக்கலாம். நாள் முழுக்க அசையாத வண்டிக்கு அது சரி.

ஆக என் தேர்வு: ஊழியர் வண்டி வெளியே, உள்ளே இரும்பில் தரையும் ஒன்றரை மாடியும், பின்னால் தேவைப்பட்டால் மேலே போல்ட் போட்டு உயர்த்தத் தூணில் தாங்குசக்தி.

மேல்தளத்தைத் திறந்தவெளியாக விட வேண்டாம். மே மாதத்தில் அங்கே விட்ட காரின் ஸ்டியரிங்கைத் தொட முடியாது, ஆளும் ஏற மாட்டார்கள், கட்டியதே வீண். சோலார் கூரை போட்டால் நிழலும் ஆச்சு. 1500 சதுர மீட்டரில் 150 கிலோவாட் வைக்கலாம், கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு நாலு யூனிட் என்று 600 யூனிட் வரும். விளக்கும் லிஃப்டும் மின்சார வேனும் ஓடியும் மிஞ்சும். படத்தில் அழகாகத் தெரிகிற செங்குத்துத் தோட்டச் சுவர் மட்டும் வேண்டவே வேண்டாம், இரண்டாம் கோடையில் காய்ந்த வலைதான் மிஞ்சும். மேற்கே நாலு புங்கமரம் போதும்.

லிஃப்ட் ஸ்ட்ரெச்சர் நுழைகிற அளவில் இருக்கட்டும். மாற்றுத்திறனாளிக் கட்டங்கள் 3.6 மீட்டர் அகலத்தில், வாசலிலிருந்து 30 மீட்டருக்குள், தரைத்தளத்திலேயே. காரிலிருந்து வாசல் வரை வேகத்தடை ஒன்றுகூட இல்லாத நிழல்பாதை வேண்டும். அப்பாவின் சக்கர நாற்காலி முன்சக்கரம் ஒவ்வொரு முறையும் சிக்குவது ஒரு வேகத்தடையில்தான்.