பல் துலக்க மடக்குப் பிரஸ்ஸா, மூடி போட்ட பிரஸ்ஸா?

உகந்தை முருகன் கோயிலிலிருந்து காட்டுவழியே கதிர்காமத்துக்குப் பாதயாத்திரையாக நடப்பவர்களுக்குப் பையில் ஒவ்வொரு அங்குலமும் கணக்கு. சாதாரணப் பிரஸ் ஏறத்தாழ 19 சென்ரிமீற்றர் நீளம். மடக்குப் பிரஸ் அதில் பாதிதான்; சேட்டுப் பைக்குள்ளேயே அடங்கிவிடும், நாரும் பிடிக்குள் மறைந்துவிடும்.

வில்லங்கமே அந்தக் கீலில்தான். பற்பசையும் மணலும் இடுக்கில் போய் இறுகிவிடும். போன தடவை என்னுடையது இரண்டாம் நாளே லொடலொடக்கத் தொடங்கியது. கடைவாய்ப் பல்லில் கொஞ்சம் அழுத்தியதும் படக்கென்று மடங்கி முரசில் இடித்தது. அதைக் கழுவக் குடிக்கிற போத்தல் தண்ணியில் கைவைக்க வேண்டி வந்தது வேறு கதை.

மூடி போட்ட பிரஸ்ஸில் மடங்க ஒன்றுமில்லை, உடைய ஒன்றுமில்லை. மூடியில் காற்றுத்துளை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லாவிட்டால் ஈரம் நின்று நாறும்.

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு இரவு ரயிலில் போய்வர மடக்குப் பிரஸ் தாராளம். காட்டு நடைக்கு நான் இப்போது கொண்டுபோவது சிறுபிள்ளைகளின் பிரஸ்: கட்டைப் பிடி, சின்னத் தலை, மெல்லிய நார். அதில் முயல் படம் இருக்கிறது. கூட வருபவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.