64,500 ரூபாய்க்கு ஒரு பிஎன்ஆர் நம்பர்: காரைக்குடிப் பக்கம் டூர் புக் செய்கிறவர்கள் கவனம்

64,500 ரூபாய். தொகையை முதலில் சொல்லிவிடுகிறேன். டூர் ஏஜென்ட் ஒருவனிடம் நான் ஏமாந்த பணம். நேற்றிலிருந்து தலைக்குள் ஓடுவது அது ஒன்றுதான்.

குறைந்த செலவில், முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, எந்தெந்த நாட்டுக்குப் போகலாம் என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். வியட்நாம், லாவோஸ், கம்போடியா மூன்றையும் பார்த்துவிட்டு வந்து, நாடு வாரியாகக் கணக்கோடு எழுதுவதாகத் திட்டம். இந்நேரம் ஹனோயில் இறங்கியிருக்க வேண்டியவள், காரைக்குடியில் உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆள் பெயரும் கடைப் பெயரும் இங்கே வராது. புகார் கொடுத்தாயிற்று, அது ஒரு பக்கம் நடக்கட்டும். வகையை மட்டும் சொல்கிறேன். மாடியில் ஒரு குளிரூட்டிய அறை, சுவர் நிறைய உலக வரைபடம், இன்ஸ்டாகிராமில் "பட்ஜெட் பேக்பேக்கர்" ரீல்ஸ். காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டை சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளைக் குறிவைக்கும் சின்ன டிராவல்ஸ்.

"ரொம்ப மலிவாச் சொல்லியிருப்பான், நீயும் நம்பியிருப்பே" என்று ஏற்கெனவே நாலு பேர் சொல்லிவிட்டார்கள். அப்படி இல்லை, அதுதான் என் எரிச்சலே. நான் முன்பே தனியாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வழியாக ஹனோய், அங்கிருந்து லாவோஸின் லுவாங் பிரபாங். லுவாங் பிரபாங்கிலிருந்து தலைநகர் வியன்தியானுக்கு 2021 டிசம்பரில் ரயில் வந்துவிட்டது, இரண்டு மணி நேரச் சொச்சத்தில் போய்விடலாம். அப்புறம் கம்போடியாவில் அங்கோர், மூன்று நாள் பாஸ் 62 டாலர். கடைசியில் மறுபடி வியட்நாமுக்குள் நுழைந்து ஹோசிமின் சிட்டி, அதாவது பழைய சைகோன். வியட்நாமுக்குள் இரண்டு தடவை நுழைவதால் 25 டாலர் விசா போதாது, பல நுழைவுக்கான 50 டாலர் விசா வேண்டும். ஹனோய் பழைய நகரப் பகுதியில் ஹாஸ்டலில் ஒரு படுக்கை ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்குக்கூடக் கிடைக்கும். எல்லாம் கூட்டினால் அவன் சொன்ன தொகைக்குப் பக்கத்தில்தான் வந்தது. நியாயமான விலை சொன்னான். மலிவாகச் சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பேன்.

துணைக்கு ஆத்தாவையும், அதாவது அம்மாவையும், அழைத்துப் போயிருந்தேன். பெண்பிள்ளை தனியாகப் போகிறதே என்ற பயம் ஆத்தாவுக்கு. உட்கார்ந்த உடனே அவன் என்னைப் பார்க்கவில்லை, ஆத்தாவைத்தான் பார்த்தான். நாங்கள் நகரத்தார், எங்களில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கோயில். அதைக் கேட்டுத்தான் பேச்சே தொடங்கும்.

"வாங்க ஆச்சி. நீங்க எந்தக் கோயில்?"

"இளையாத்தங்குடி."

"அப்படியா! நமக்கு மாத்தூர். சைகோன்ல நம்மாளுக கட்டின தண்டாயுதபாணி கோயில் இருக்குல்ல ஆச்சி, தங்கச்சி அங்கே போய்க் கும்பிட்டுட்டுத்தான் மத்த இடமெல்லாம் சுத்தும். நம்ம கைடு கூடவே இருப்பார்."

ஆத்தாவின் ஐயா, அதாவது தாத்தா, சைகோனில் நம்மவர்கள் நடத்திய ஒரு வட்டிக் கடையில் அடுத்தாளாக, அதாவது உதவி ஆளாக, இருந்தவர். அந்தக் கோயிலைப் பற்றிக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர் ஆத்தா. அதற்குப் பிறகு விசா, டிக்கெட் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. "அங்கே விபூதி கிடைச்சா கொஞ்சம் எடுத்துட்டு வா" என்று என்னிடம் சொன்னார். காபி வந்தது. அவன் மாத்தூர்தானா, நகரத்தார்தானா என்பதே இப்போது எனக்குச் சந்தேகம்.

அப்போதும் ஆத்தா மாதிரி நான் விட்டுவிடவில்லை. முன்பணம் 40,000 ஜிபேயில் அனுப்பியதும் டிக்கெட் கேட்டேன். பிஎன்ஆர் நம்பர் வந்தது. விமான நிறுவனத்தின் தளத்திலேயே போட்டுப் பார்த்தேன். என் பெயர், பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்தில். தேதி, கோலாலம்பூரில் மாறும் நேரம், எல்லாம் இருந்தது. ஆத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மீதி 24,500 ரூபாயை ரொக்கமாகக் கேட்டான், ஏலச் சீட்டு எடுத்த பணத்திலிருந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆக 64,500.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது ஜன்னல் சீட் போடலாம் என்று அதே தளத்தைத் திறந்தால் "புக்கிங் இல்லை" என்கிறது. விமான நிறுவனத்துக்கே போன் போட்டேன். அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். டிராவல் ஏஜென்ட்கள் பணம் கட்டாமலே சீட்டைச் சில நாள் பிடித்து வைக்கலாமாம். பிடித்தாலே பிஎன்ஆர் வந்துவிடும், தளத்தில் நம் பெயரும் தெரியும். கல்யாண மண்டபத்து நோட்டில் தேதி கேட்டுப் பெயர் எழுதி வைக்கிற மாதிரிதான். அட்வான்ஸ் வரவில்லையென்றால் அடித்துவிட்டு அடுத்தவனுக்குக் கொடுத்துவிடுவார்கள். என் பெயரில் டிக்கெட் என்று ஒன்று போடப்படவே இல்லை.

அவனுக்குப் போன் போட்டேன். "ஷெட்யூல் மாத்துறாங்க தங்கச்சி, சிஸ்டம்ல அப்படித்தான் காட்டும்." மறுநாள், "கோயில்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்." கூப்பிடவில்லை. அலுவலகத்துக்குப் போனால் அங்கே வேலை பார்க்கும் பெண், "சார் மதுரை போயிருக்கார்." சாரின் செருப்பு வாசலில் கிடக்கிறது! வாட்ஸ்அப்பில் விசாவைக் கேட்டேன், ஒரு பதிவுக் குறியீடு அனுப்பினான். வியட்நாம் அரசுத் தளத்தில் போட்டால் அப்படி ஒரு விண்ணப்பமே இல்லை. அங்கோர் பாஸ் எடுத்தாயிற்று என்று சொல்லியிருந்தானே, அதில் நம் படம் இருக்கும், அதை அனுப்புங்கள் என்றேன். கட்டைவிரல் ஒன்று வந்தது. கட்டைவிரல்!

கிளம்ப வேண்டிய தேதி போன பிறகு பேச்சு மாறியது. "ரீஃபண்ட் 45 வேலை நாள் ஆகும்." அப்புறம், "ரீஃபண்ட் கிடையாது, அடுத்த பேட்ச்ல பாலிக்கு மாத்தித் தர்றேன், மேல 18,000 மட்டும் கட்டுங்க." நான் கொடுத்த 64,500 ரூபாயைக் கேட்டால் மேலும் 18,000 கேட்கிறான். கடைசியாக ஆத்தாவே பேசினார். "மேடம், போலீஸ் அது இதுன்னு போனா உங்க பணம்தான் லேட்டாகும்" என்று வைத்துவிட்டான். ஆத்தா வெகுநேரம் யாரிடமும் பேசவில்லை.

அவன் கொடுத்த பில்லில் "டிசிஎஸ்" என்று, அதாவது வெளிநாட்டு டூர் விற்கிறவர் நம்மிடம் பிடித்து நம் பான் கணக்கில் அரசுக்குக் கட்ட வேண்டிய வருமான வரி என்று, தனியாகப் பணம் பிடித்திருந்தான். என் பான் நம்பரை அவன் கேட்கவே இல்லை. பான் இல்லாமல் பிடித்த வரி என் கணக்கில் எப்படி ஏறும்? அதுவும் அவன் பைக்குத்தான்.

போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கியிருக்கிறேன். 40,000 ரூபாய்க்கு ஜிபே சாட்சி இருக்கிறது. 24,500 ரூபாய்க்கு அவன் கையெழுத்துப் போட்ட துண்டுச் சீட்டு மட்டும்.

நாடு நாடாக எழுதுவதாகச் சொன்னது இப்போதைக்கு முடியாது, கை ஓடவில்லை. அவசரமாகச் சில மட்டும். பிஎன்ஆர் டிக்கெட் இல்லை. பெரிய விமான நிறுவனம் என்றால் 13 இலக்க டிக்கெட் எண் கேளுங்கள், அது வராமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். முடிந்தால் விமான நிறுவனத்திடம் நீங்களே நேரடியாகப் போட்டுவிடுங்கள். வியட்நாம் இ-விசாவுக்கு ஆள் தேவையே இல்லை, கவ் டாட் விஎன் என்று முடியும் அரசுத் தளத்தில் வீட்டில் இருந்தே எடுக்கலாம், 90 நாள் வரை தருகிறார்கள். மலேசியாவில் இறங்குகிறவர்கள் நிரப்பும் டிஜிட்டல் வருகை அட்டை இலவசம், அதற்கும் காசு வாங்குகிறார்கள். ரொக்கம் கேட்டால் கிளம்பி வந்துவிடுங்கள். ஆன்லைனில் பணம் போய் ஏமாந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930. நுகர்வோர் உதவிக்கு 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. நான் சிவகங்கையில் போடப் போகிறேன்.

இன்று காலை அந்தக் கடை புது போஸ்டர் போட்டிருக்கிறது. "நேபாளம், பேக்பேக்கர் ஸ்பெஷல், விசா கட்டணம் உட்பட." இந்தியர்களுக்கு நேபாளம் போக விசாவே கிடையாது, பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ போதும். இல்லாத விசாவுக்கு யாராவது ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால் ரசீதோடு எனக்கு எழுதுங்கள். வழக்கைச் சேர்ந்து போடலாம்.