ஃபர்ஸ்ட் எய்ட் பெட்டிக்கு ஒரு குளுக்கோமீட்டர்: மணலி ஷெட்டில் தாங்குமா?

மதியம் 3 மணிக்கு ஒருத்தர் லேத் பக்கத்தில் சொக்கிப்போய் நிற்கிறார், சொன்னதையே மறுபடி கேட்கிறார். சூப்பர்வைசர் கணக்கில் "தூங்கி வழியறான்". சர்க்கரைக்காரர் என்றால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி 58-ம் இருக்கலாம், ஏறி 340-ம் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல. செய்ய வேண்டியதோ நேரெதிர். எது என்று 5 வினாடியில் சொல்லிவிடும் என்பதாலேயே வடசென்னையின் மணலி, எண்ணூர் பட்டறைகளுக்கு, கோடிங் (புது ஸ்ட்ரிப் டப்பிக்கு ஏற்ப மிஷினில் எண் மாற்றுவது) தேவைப்படாத சாதாரண குளுக்கோமீட்டரைத் தாராளமாகச் சிபாரிசு செய்யலாம்.

மிஷினில் குறையில்லை, சொதப்புவது ரத்தத் துளி வைக்கும் ஸ்ட்ரிப். பெரும்பாலான டப்பிகளில் 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லி அச்சிட்டிருக்கும். மே மாதத் தகர ஷெட்டுக்கு அது எங்கே தெரியப்போகிறது? கடற்காற்றின் ஈரம் வேறு. மூடியை அழுத்தி மூடாமல் விட்டால் ஸ்ட்ரிப்பில் உள்ள என்சைம் கெட்டு, எண் தப்பாக வரும். ஏசி போட்ட ஆபீஸ் அறையில் வையுங்கள். திறந்த தேதியை டப்பி மேலேயே எழுதுங்கள், பல பிராண்டுகளுக்கு அதிலிருந்து 3 மாதம்தான். மிஷினை மலிவாகத் தந்து ஸ்ட்ரிப்பில் பிடுங்குவது இந்த வியாபாரம், எனவே ஸ்ட்ரிப் விலையைக் கேட்டுவிட்டு மிஷினைத் தொடுங்கள்.

கூடவே வரும் குத்தும் பேனா ஒரே ஆளுக்கானது. பத்துப் பேருக்கு அதை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் ஹெபடைட்டிஸ் பி பரவ வழி. ஒருமுறை குத்தியதும் ஊசி உள்ளே போய்விடும் சேஃப்டி லான்செட் தனியாக வாங்குங்கள்.

கையை சோப்பு போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். வாழைப்பழம் உரித்த விரலில் 120 கூட 200 காட்டும். விரல் நுனியின் ஓரத்தில் குத்துங்கள். பிழியாதீர்கள், திசு நீர் கலந்துவிடும்.

70-க்குக் கீழே என்றால் 3 டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடர், ஏறக்குறைய 15 கிராம், தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கிரீம் பிஸ்கட் வேண்டாம், அதன் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108. இன்சுலின்காரர்களுக்கு மட்டும்தான் இறங்கும் என்று நினைக்க வேண்டாம்: கிளிமிபிரைட் என்ற சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு, ஓவர்டைமில் சாப்பாடு தள்ளிப்போனாலும் இறங்கும்.

திரையில் எச், ஐ என்று இரண்டு எழுத்து வந்தால் மிஷின் வணக்கம் சொல்லவில்லை. பல மாடல்களில் 600-ஐத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். நேரே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுங்கள்.

ஒன்று மட்டும்: எண்ணை அட்டெண்டன்ஸ் நோட்டில் எழுதாதீர்கள். எழுதினால் அடுத்த மாதம் ஒருத்தரும் விரல் நீட்ட மாட்டார்கள்.