குடாநாட்டு மனநலக் கிளினிக் ஒன்று: எமது அனுபவம்

பெரியம்மாவுக்கு விசர் என்று ஊரார் முடிவுகட்டி, பார்வை பார்த்து நூலும் கட்டி ஓய்ந்த பின்னரே அவரை இந்த அரச கிளினிக்குக்கு அழைத்துச் சென்றோம். விடியவே துண்டு எடுத்தும் வாங்கில் நண்பகல்வரை இருக்க நேர்ந்தது. ஆயினும் வைத்தியர் எங்களிடம் கேளாமல், காதில் ஒலிக்கும் குரல்கள் எப்போது தொடங்கின, என்ன சொல்கின்றன என்று பெரியம்மாவிடமே நிதானமாக விசாரித்து, ஒவ்வொரு குளிசையும் எதற்கென அவருடைய கொப்பியிலேயே எழுதிக் கொடுத்தார். இதற்கு மாறாக, 1873 இல் இலங்கையில் வந்த மனநோய்ச் சட்டம் இத்தகையோரை அடைத்துப் பராமரிப்பதையே பெரிதாகக் கருதியது. மருந்து யன்னலில் மட்டும், ‘மனநோய்க்காரர் அந்த வரிசை’ என்று எல்லோர் முன்னிலையிலும் உரக்கக் கூப்பிடுவதை நிறுத்த வேண்டும், பெரியம்மா அவ்விடத்தில் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.