சலமா, இரத்தமா?

மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடியில் இருக்கும் என் மாமாவுக்கு ஈரல் மாற்றி 2 வருடம். கிளினிக்கில் “குடிக்கிறீங்களா?” என்று கேட்டால் “இல்லை” என்பார். வாய்ச்சொல்லை மட்டும் நம்ப முடியாதே, அதற்குத்தான் பரிசோதனை: சலத்தில் (சிறுநீரில்) ஒன்று, இரத்தத்தில் ஒன்று.

சலத்தில் பார்ப்பது எத்தில் குளுகுரோனைட், சுருக்கமாக ஈ.டி.ஜி. குடித்த மதுசாரத்திலிருந்து உடம்பு உண்டாக்கும் பொருள் அது. ஊசி இல்லை, ஒரு சின்னப் போத்தல் போதும். ஆனால் 2, 3 நாளுக்கு முந்திய குடி பெரும்பாலும் அகப்படாது. வெள்ளிக்கிழமை கிளினிக் என்றால் ஞாயிறோடு நிறுத்தியவர் தப்பிவிடுவார். நிறையத் தண்ணீர் குடித்தாலும் அளவு இறங்கும். அதனால், சலம் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளையும் சேர்த்துப் பார்ப்பார்கள். சலத்தில் கிருமித்தொற்று இருந்தால் கணக்கு இன்னும் குழம்பும். மறுபக்கம், சாராயத்தைத் தொடாதவரையும் இது மாட்டிவிடலாம். வாய் கொப்பளிக்கும் மருந்து சிலதில் மதுசாரம் உண்டு. மாமி வயிற்றுக்கென்று கொடுத்த அரிட்டம் என்ற ஆயுர்வேத மருந்திலும் உண்டு. அந்தப் போத்தலின் லேபிளை வீட்டில் ஒருவரும் வாசித்ததே இல்லை.

இரத்தத்தில் பார்ப்பது பொஸ்பற்றிடைல் எதனோல், ‘பெத்’. உடம்பில் மதுசாரம் இருந்தால்தான் செங்குருதிக் கலத்தின் சவ்வில் இது உருவாகும். 2 முதல் 4 வாரம் வரை தங்கும். கள்ளோ கசிப்போ, அதற்கு எல்லாம் ஒன்றுதான். எப்போதோ ஒரு மிடறு குடித்தது தப்பலாம். அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தால் முடிவு மாறலாம், சொல்லிவிட வேண்டும்.

மட்டக்களப்பிலிருந்து கிளினிக் இருக்கும் கொழும்புக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். மாதம் ஒருமுறை போகிறவருக்கு பெத்தே சரி என்பேன். ஈ.டி.ஜி. என்றால், சொல்லாமல் திடீரென்று கூப்பிட்டு எடுத்தால்தான் பிரயோசனம்.